அசலுக்கு இணை

இறந்து ஓராண்டு ஆன பிறகு தனிஸ்லாஸின் குரல் அந்த அறையில் மறுபடி கேட்டபோது, ரெஜினா சட்டென்று குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தாள். அழுகை வந்துவிடும் என்று பயந்திருந்தாள். வரவில்லை.

"குட் மார்னிங். முதல் பாகத்தை எடுத்துக்கலாமா?" என்றது குரல். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்ளும் பழக்கம்கூட அப்படியே இருந்தது.

மேசையின் நடுவில் ஒரு சாதாரண ஒலிபெருக்கி. அதற்கு மேலே, பாகங்களைப் பார்ப்பதற்கு ஒரு கேமரா. அவ்வளவுதான். தொழிற்சாலையில் எல்லோரும் அதை 'சாரோட காப்பி' என்றார்கள். விமானப் பாதுகாப்பு ஆணையத்தின் காகிதங்களில் அதன் பெயர் 'பிரதி'.

திருச்சிக்கு வெளியே துவாக்குடியில் இருந்த அந்தத் தொழிற்சாலை, பழைய விமானங்களுக்குப் புதிய பாகங்கள் செய்து கொடுத்தது. விமானங்களைச் செய்த வெளிநாட்டு நிறுவனங்களில் பாதி இழுத்து மூடிவிட்டன. மீதி, உதிரி பாகம் தர முடியாது என்று கையை விரித்துவிட்டன. அதற்காக இருக்கும் விமானங்களை நிறுத்திவிட முடியுமா? ஓய்வு பெற்ற ஒரு விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி வருவார்கள். அதை அளந்து, உலோகத்தைச் சோதித்து, வரைபடம் போட்டு, அதேபோல இன்னொன்று செய்வார்கள். நகல் அசலுக்கு இணையானதுதான் என்று ஆணையம் அங்கீகரித்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட விமானத்தில் ஏறாது.

இருபது வருடமாக அந்தக் கையெழுத்து தனிஸ்லாஸுடையது. அளவுப் பிரிவுக்குப் பொறுப்பு அவருடைய மனைவி ரெஜினா. ஐம்பத்திரண்டு வயதில், ஞாயிறு பூசைக்குக் கிளம்பிச் சட்டை பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு எழவில்லை. அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்தத் தகுதி உள்ளவர்கள் நாட்டிலேயே கொஞ்சம் பேர்; கிடைத்த இரண்டு பேரையும் பெரிய கம்பெனிகள் தூக்கிக்கொண்டன. தொழிற்சாலை பாதி இயங்கி, பிறகு கால்வாசி இயங்கி, கடைசியில் வாசலில் காவலாளி மட்டும் முழுநேரம் வேலை பார்க்கும் நிலைக்கு வந்தது.

அப்போதுதான், இறந்தவரின் கணினிப் பிரதியும் கையெழுத்துப் போடலாம் என்று புதிய விதி வந்தது. மறுஆய்வுக் கூட்டங்கள் அனைத்தையும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்பது பழைய சட்டம். தனிஸ்லாஸ் அந்த அறையில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும், யோசித்த ஒவ்வொரு இடைவெளியும் பதிவில் இருந்தன. அவற்றிலிருந்து அவருடைய தீர்ப்பை மட்டும் மறுபடி கட்டியெழுப்ப முடியும் என்றார்கள். கட்டியும் விட்டார்கள். ஆனால் உலோகப் பாகத்துக்கு என்ன விதியோ அதே விதிதான் இதற்கும். அசலும் நகலும் ஒன்று என்று நிரூபிக்க வேண்டும். அதற்காகவே தனியாக ஒதுக்கி, பிரதிக்குக் காட்டாமல் மறைத்துவைத்த பழைய பாகங்களை இப்போது அதன் முன் வைப்பார்கள். தனிஸ்லாஸ் அன்று என்ன சொன்னாரோ அதையே பிரதியும் சொல்ல வேண்டும்.

சோதிக்க வந்திருந்தவர் சௌந்தரவல்லி, ஆணையத்தின் சென்னை அலுவலக அதிகாரி. அதிகம் பேசாதவர். முதலாளி ஏகாம்பரம் அவருக்கு எதிரே உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தார்.

காலை முழுக்க எல்லாம் சரியாகப் போனது. தனிஸ்லாஸ் ஏற்றதைப் பிரதி ஏற்றது. அவர் திருப்பி அனுப்பியதைத் திருப்பி அனுப்பியது. ஒரு வால்வைப் பற்றி அவர் அன்று கேட்ட அதே குதர்க்கமான கேள்வியைக் கேட்டபோது ஏகாம்பரம் சிரித்தே விட்டார். இடையிடையே குரல் ரெஜினாவையும் கூப்பிட்டது.

"ரெஜினா மேடம், இந்த அளவு எந்த வெப்பநிலையில எடுத்தது?"

அலுவலகத்தில் அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். கணவன் மனைவி ஒரே இடத்தில் வேலை பார்ப்பதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பதில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு. 'ரெஜி' என்பது வீட்டு வாசலுக்கு உள்ளே மட்டும். பதிவுகளில் வீடு இல்லை. ஆகவே இந்தக் குரலுக்கு அவள் அளவுப் பிரிவுப் பொறுப்பாளர், வேறு யாருமில்லை.

மதியத்துக்குப் பிறகு அந்த பிராக்கெட் வந்தது.

விமானத்தின் மூக்கை மேலே தூக்கவும் கீழே இறக்கவும் வாலில் ஓர் அசையும் தகடு உண்டு. அந்தத் தகட்டைத் தாங்கிப் பிடிப்பது உள்ளங்கை அளவுள்ள இந்த பிராக்கெட். தனிஸ்லாஸ் ஐந்து வருடம் முன்பு கையெழுத்துப் போட்டது. கேமரா அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றது பிரதி.

சௌந்தரவல்லி பேனாவை மூடினார்.

"காரணம்?"

"மாதிரிக்கு எடுத்த பாகம் ரொம்ப நாள் பறந்தது. போல்ட் போற ஓட்டை ஒரு பக்கமா இழுபட்டிருக்கு. அளவு வரம்புக்குள்ளதான் வருது, ஆனா பிறந்தப்ப இருந்த அளவு இது இல்ல. நாம அசலை நகல் எடுக்கல, அதோட தேய்மானத்தை நகல் எடுத்திருக்கோம். இன்னொரு மாதிரிப் பாகம் வேணும். கிடைக்கிற வரைக்கும் நிறுத்தி வைங்க."

"திரு. தனிஸ்லாஸ் இதை ஏத்துக்கிட்டார்" என்றார் சௌந்தரவல்லி.

"நானா?" என்றது குரல். உண்மையான ஆச்சரியம் அதில் இருந்தது.

சோதனை நிறுத்தப்பட்டது. அதிகாரி பழைய பதிவைப் போடச் சொன்னார். திரையில் உயிரோடிருந்த தனிஸ்லாஸ் முதல் நாள் கூட்டத்தில் பிராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளைக்குப் பார்ப்போம்" என்றார். மறுநாள் காலைப் பதிவில் வந்து உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல ஏதோ நடந்திருக்கு" என்றார் சௌந்தரவல்லி. "அந்தத் தகவல் பிரதிகிட்ட இல்ல. விடுபட்ட தகவலைக் கொடுத்துட்டு மறுபடி சோதிக்க விதியில இடம் இருக்கு. யாருக்காவது தெரிஞ்சா நாளைக்குக் காலையில சொல்லுங்க. பதிவுல வெச்சுக்குவோம்."

அவர் போனதும் ஏகாம்பரம் ரெஜினாவை ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார்.

"ரெஜினாம்மா, ரெண்டாவது மாதிரி ஒண்ணு வந்துச்சு, அதையும் அளந்தோம், சரியா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. காப்பி நம்பிடும். நீங்க சொன்னா அது எதையும் மறுக்கிறதில்ல, காலையில இருந்து பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

"ரெண்டாவது மாதிரி வரவே இல்லியே சார்."

"வரல. இப்ப யாரு போய்ப் பார்க்கப் போறா? வெளியில எத்தனை குடும்பம் இந்தக் கேட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியும். சாரோட பேரும் கெடாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த விமானத்தோட பேரை இங்க யாரும் இன்னும் எடுக்கல. எடுக்க வெச்சுடாதீங்க."

அந்த விமானம் மூன்று வருடத்துக்கு முன் வங்கக் கடலில் விழுந்தது. அறுபத்தொரு பேர். மீட்டெடுத்த வால் துண்டில் இந்த பிராக்கெட் விரிந்து கிடந்தது. போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதால் உலோகம் விரிசல் விட்டது என்று விசாரணை சொன்னது. முறுக்கிய மெக்கானிக் கலீல் சிறைக்குப் போனான். பிராக்கெட்டை யாரும் சந்தேகிக்கவில்லை. அது அசலுக்கு இணை என்று காகிதம் இருந்தது. அதே பிராக்கெட்டுடன் மற்ற விமானங்கள் இன்றும் பறந்துகொண்டிருந்தன.

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் ரெஜினா அந்த அறைக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"யாரு?" என்றது குரல்.

"ரெஜினா."

"சொல்லுங்க மேடம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவ்வளவு பக்கத்தில் அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று தோன்றியது. கேட்க வந்ததை மட்டும் கேட்க வேண்டும் என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டாள்.

"அந்த பிராக்கெட்டைப் போட்டா என்ன ஆகும்?"

"உடனே ஒண்ணும் ஆகாது. போல்ட் துளி லூசா உட்காரும். மாட்டுற ஆளுக்குக் கையில தெரியும். லூசா இருக்கேன்னு ஒரு சுத்து சேர்த்து முறுக்குவான். ஓட்டையோட விளிம்புல இறுக்கம் ஏறும். அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை பறக்கிறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா விரிசல் ஓடும்."

"அப்ப தப்பு முறுக்கினவனோடது இல்லியா?"

"நாம குடுத்த ஓட்டைக்குத்தானே மேடம் அவன் முறுக்குறான்?"

அவள் கேட்டாள்: "ஆனா நீங்க கையெழுத்துப் போட்டீங்களே. ஏன் போட்டீங்க?"

"எனக்கே புரியல. இவ்வளவு சந்தேகம் இருந்தா நான் போட மாட்டேன். அப்படியும் போட்டிருக்கேன்னா, இந்த அறைக்கு வெளியில யாரோ என்கிட்ட ஏதோ சொல்லியிருக்கணும்."

அப்போதுதான் அவளுக்கு அந்த மாலை நினைவுக்கு வந்தது. அதை அவள் மறைத்தும் வைக்கவில்லை, மறந்தும் விடவில்லை. நினைத்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை என்று விட்டிருந்தாள். வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓட்டினார்; அவள் பின்னால். இரண்டு நாளாகவே இருவருக்கும் மனஸ்தாபம், அவருடைய அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போவதா வேண்டாமா என்று. பால்பண்ணை சிக்னலில் நின்றபோது அவர் திரும்பாமலே கேட்டார்: "அந்த ஓட்டை அளவு, நல்லா பார்த்தியா ரெஜி?"

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டிலும் குற்றம், வேலையிலும் குற்றமா? "என் அளவை நம்பலைன்னா வேற ஆளை வெச்சு அளந்துக்கங்க" என்றாள்.

சிக்னல் விழுந்தது. அவர் வண்டியை எடுத்தார். அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. அன்று சாப்பிடும்போது வழக்கத்தைவிட அன்பாகவே இருந்தார். மறுநாள் காலை கையெழுத்து.

விமானம் விழுந்த பிறகு அவர் பேச்சு குறைந்தது. எடை குறைந்தது. சாமி படத்துக்கு முன் முழங்காலில் நிற்கும் நேரம் கூடியது. எல்லோரையும்போல அவரும் செய்தி கேட்டு உடைந்து போயிருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். விசாரணை அறிக்கையை அவர் நம்பினாரா, அல்லது நம்ப விரும்பினாரா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது நேராக அவளிடம்தான் வந்து நின்றிருக்கும். அதனால்தான் சொல்லவில்லையா? அதற்காகத்தான் மற்ற விமானங்களையும் பறக்க விட்டாரா?

"மேடம், இருக்கீங்களா?" என்றது குரல்.

"இருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலை சௌந்தரவல்லி பதிவைத் தொடங்கிவைத்தார். ஏகாம்பரம் ரெஜினாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவள் எழுந்து நின்றாள்.

"ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல, அன்னிக்கு சாயங்காலம், அவர் என்கிட்ட ஓட்டை அளவைப் பத்திக் கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். அது மட்டும்தான் நடந்தது. ரெண்டாவது மாதிரின்னு எதுவும் வரல."

ஏகாம்பரத்தின் கை கழுத்தில் அப்படியே நின்றது.

"அன்னிக்குச் சொன்னதை அப்படியே பிரதிகிட்ட சொல்லுங்க" என்றார் சௌந்தரவல்லி.

ரெஜினா ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினாள். ஒரு பக்கம், அது பழையபடி ஏற்றுக்கொண்டுவிடக் கூடாதே என்று இருந்தது. இன்னொரு பக்கம், ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவள் கோபத்துக்கு அவர் ஒரு தடவை பணிந்தார். இதுவும் பணிந்தால் அவர் இன்னும் எங்கோ இருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

"என் அளவை நம்பலைன்னா வேற ஆளை வெச்சு அளந்துக்கங்க" என்றாள்.

குரல் தொண்டையைச் செருமியது.

"சரி மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. வேற ஆளை வெச்சு ஒரு தடவை அளந்துடலாம்."

ரெஜினா உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை கைப்பையைத் தேடவில்லை. எல்லோருக்கும் முன்னால் அழுதாள்.

சௌந்தரவல்லி அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்: "இதே பதிலுக்கு அவர் கையெழுத்துப் போட்டிருக்கார். ஏன்?"

"அவர் என் வீட்டுக்காரர் மேடம். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

அன்று பிற்பகலுக்குள் ரெஜினா முழு வாக்குமூலம் கொடுத்தாள். ஓட்டையைப் பற்றி, மாதிரியைப் பற்றி, கலீலைப் பற்றி, இன்னும் பறக்கும் விமானங்களைப் பற்றி. சாயங்காலச் செய்தியில் அந்த விமானங்கள் பறக்காமல் நிறுத்திவைக்கப்பட்டதாகச் சொன்னார்கள். வால்களைக் கழற்றிப் பார்த்தபோது பாதிக்கு மேல் பிராக்கெட்டுகளில் விரிசல் ஓடியிருந்தது. ஒன்றில் விரலால் தள்ளினால் பிரியும் நிலை. நிறுத்தியதற்கு முந்தின நாள்தான் அந்த விமானம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அந்தமானிலிருந்து ஏற்றி வந்திருந்தது.

பிரதியை அழித்துவிடுவார்கள் என்றுதான் ரெஜினா நினைத்தாள். ஆனால் சில வாரம் கழித்து சௌந்தரவல்லி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வாரிசு என்ற முறையில் அவள் சம்மதம் வேண்டும்.

"விதியில ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நகல் அசல் மாதிரியே இருக்கணும். அது தோத்துப்போச்சு. இன்னொண்ணு, அசலைவிட எந்த விதத்துலயும் குறைஞ்சதா இருக்கக் கூடாது. அந்த வழியில இதுக்கு ஒப்புதல் தரலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ஒரே நிபந்தனைதான். வீட்டுப் பேச்சு, கடிதம், படம், எதையும் இதுக்குள்ள சேர்க்கக் கூடாது. குடும்பத்துல யாரும் இது இருக்கிற அறைக்குள்ள வரக் கூடாது."

"அதாவது, நான் வரக் கூடாது."

"ஆமா" என்றார் சௌந்தரவல்லி. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல்தான் சொன்னார். "நான் வருத்தப்படுறேன். நீங்க இல்லாத இடத்துல அவர் தப்பே பண்ணல."

ரெஜினா சம்மதித்தாள். வேறு என்ன செய்வாள்? தொழிற்சாலை மறுபடி திறந்தது, ஏகாம்பரம் இல்லாமல், வேறொருவர் பெயரில். அந்தப் பிரதி பிறகு ஓசூருக்கும் நாசிக்குக்கும் போனது. எத்தனையோ அறைகளில் அவளுக்குத் தெரியாத எத்தனையோ பேரை அவள் கணவனின் குரல் மேடம் என்றும் சார் என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் வேலையை விட்டு நீக்கப்பட்டாள். கவனக்குறைவுக்காக அவள்மேல் வழக்கும் பதிவானது.

கலீலை விடுதலை செய்ய மேலும் பல மாதம் ஆனது. அதற்குள் அவனுடைய தாய் இறந்திருந்தாள். விடுதலையாகும் நாளைக் கேள்விப்பட்டு ரெஜினா சிறை வாசலுக்குப் போனாள். போக வேண்டாம் என்று அவளுடைய வக்கீல் சொல்லியிருந்தார். வெயில் ஏறியிருந்தது. அவனுடைய தம்பி ஆட்டோவோடு காத்திருந்தான். வெளியே வந்த கலீல், நினைத்ததைவிட உயரமான, முடி முழுக்க நரைத்துப்போன மனிதன். அவள் தன் பெயரைச் சொன்னாள். தம்பி முறைத்துக்கொண்டு முன்னால் வந்தான். கலீல் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"உங்க வீட்டுக்காரர் பேரு எனக்குத் தெரியும்மா. பார்த்ததில்ல. பாகம் வர்ற பெட்டிக்குள்ள சீட்டு இருக்கும், அதுல அவர் கையெழுத்து இருக்கும். ஷெட்டுல நாங்க சொல்லிக்குவோம், தனிஸ்லாஸ் சார் பார்த்ததுன்னா கண்ணை மூடிட்டு மாட்டலாம்னு."

"அந்த அளவை எடுத்தது நான். அவர் சந்தேகப்பட்டார். நான் கோபமா பேசினேன், அதனால..."

"கோர்ட்டுல வாசிச்சாங்க. கேட்டேன்." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "அன்னிக்கு போல்ட்டை உள்ள விட்டப்பவே லேசா ஆடுச்சும்மா. ஓட்டை பெருசோன்னு எனக்கும் தோணுச்சு. சூப்பர்வைசரைக் கூப்பிடலாம்னு ஏணியில ரெண்டு படி இறங்கிட்டேன். அப்புறம் அந்தச் சீட்டைப் பார்த்தேன். அவரே பார்த்திருக்காரு, அவரைவிடவா நமக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு திரும்ப ஏறி, ஒரு சுத்து சேர்த்து முறுக்கிட்டேன்."

ரெஜினாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அவருக்கு நிஜமாவே சந்தேகம் இருந்துச்சா?" என்று கேட்டான் கலீல்.

"இருந்துச்சு."

"அப்ப அந்தச் சீட்டுல ஒரு வரி எழுதி விட்டிருக்கலாமேம்மா" என்றான். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே அதற்குப் பதில் தெரிந்துகொள்ள விரும்பியவன்போல் சற்று நேரம் நின்றான். பிறகு ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

ஆட்டோ போன பிறகும் ரெஜினா அங்கேயே நின்றாள். அவளுடைய வழக்கு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. தீர்ப்பில் தண்டனை குறைய வழி இருக்கிறது என்று வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறும் முன் அவரைப் போனில் கூப்பிட்டு, எதிர்வாதம் எதுவும் வேண்டாம் என்று சொன்னாள்.